நெருப்பும் நெடுமாடமும்

(கல்கத்தாவில் தமிழன்பர் கூட்டம் ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



லேக் மார்க்கெட்டைச் சுற்றிலும் இரண்டு மூன்று தலைமுறைகளாகக் குடியிருந்து, இந்நகரத்தைச் சொந்த ஊராகவே பாவித்து வரும் உங்களுக்குக் கல்கத்தாவின் தீ விபத்துகளைப் பற்றி நான் புதிதாக எடுத்துரைக்க வேண்டியது ஒன்றுமில்லை. 2010ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் தேதி பார்க் ஸ்டிரீட்டின் ஸ்டீபன் கோர்ட்டில் 43 பேர் மாண்டதும், மறு ஆண்டு டிசம்பர் 9ஆம் தேதி விடியுமுன்னர் டாக்குரியா ஆம்ரி மருத்துவமனையின் நிலவறையில் எழுந்த புகை, கண்ணாடி போர்த்திய மாடிகளில் ஏறி, படுக்கையை விட்டு எழ இயலாத நோயாளிகள் உட்பட ஏறத்தாழ 90 பேரின் மூச்சை நிறுத்தியதும், 2021 மார்ச் 8ஆம் தேதி ஸ்டிராண்டு ரோட்டில் ரயில்வேயின் புதிய கொய்லாகாட் கட்டடத்துப் பதின்மூன்றாவது மாடித் தீயை அணைக்கச் சென்ற வீரர்கள் உட்பட ஒன்பது பேர் இறந்ததும் பத்திரிகைச் செய்தியாக மட்டுமல்லாமல், தெரிந்தவர் வீட்டுத் துக்கமாகவும் உங்களில் சிலரை வந்தடைந்திருக்கும்.

இவ்விபத்துகளில் உயிர்களை வாங்கியது பெரும்பாலும் புகையும், அதனின்று தப்பி வெளியேற வழியில்லாமையுமே. கட்டடங்கள் நின்றன, மனிதர்கள் மாண்டார்கள். ஆயினும் இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் அதுவன்று. தீ மூண்ட நெடுமாடம் ஒன்று, அணைப்பார் இன்றியோ அணைக்க இயலாமலோ மணிக்கணக்கில் எரிந்துகொண்டிருக்குமாயின், அதன் உடம்புக்குள் என்ன நேர்கிறது, எந்தக் கட்டத்தில் அது தன் பாரத்தைத் தானே தாங்க மாட்டாமல் சரிகிறது, ஒன்று விழ இன்னொன்று நிற்பதற்குக் காரணம் யாது என்பதே இன்றைய விசாரணை. புகையைப் பற்றிப் பேசுவோர் பலர் இருக்கிறார்கள். உத்திரத்தையும் தூணையும் பற்றிப் பேசுவோர் குறைவு.

இவ்விசாரணைக்குக் கல்கத்தாவே தகுந்த இடம். 2008ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் தேதி அதிகாலையில் படா பஜாரில் பிடித்த தீ, பதின்மூன்று மாடிகள் கொண்ட நந்தராம் மார்க்கெட்டைப் பற்றிக்கொண்டு நாட்கணக்கில் எரிந்தது. அக்கட்டடத்தின் மேல்மாடிகள் சட்டத்துக்குப் புறம்பாக எழுப்பப்பட்டவை என்ற வழக்கு அதற்கு முன்பே நெடுங்காலமாக நடந்துவந்தது. அது எந்த நேரமும் இடிந்து விழக்கூடும் என்று அண்டையில் இருந்தோர் அஞ்சிக் காத்திருந்தார்கள், விழவில்லை. பத்து ஆண்டுகள் கழிந்து, 2018 செப்டம்பர் 16ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை பின்னிரவில், கானிங் ஸ்டிரீட்டிலுள்ள ஆறு மாடி பாக்ரி மார்க்கெட்டில் தீ மூண்டது. வாசனைத் திரவியமும் பிளாஸ்டிக் சாமான்களும் மருந்துகளும் அடைந்து கிடந்த நூற்றுக்கணக்கான கடைகள் மூன்று நாட்களுக்கு மேல் எரிந்தன. சுவர்களில் வெடிப்புகள் ஓடின. ஜனங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். அக்கட்டடமும் விழாமல் நின்றுவிட்டது. மூன்று நாள் எரிந்தும் கட்டடம் நிற்பதைக் கண்ட கல்கத்தாவாசிக்கு, கான்கிரீட்டுக் கட்டடத்தை நெருப்பு ஒன்றும் செய்யாது என்ற எண்ணம் தோன்றியிருக்குமானால் அதில் வியப்பில்லை. நம்முடைய சென்னையிலும், 1959இல் திறக்கப்பட்ட மவுண்ட் ரோடு எல்.ஐ.சி. கட்டடம் 1975 ஜூலை 11ஆம் தேதி பற்றி எரிந்தும், பழுது பார்க்கப்பட்டு இன்றளவும் நிமிர்ந்து நிற்கக் காண்கிறோம்.

ஆனால் அதே சென்னையில், 2017 மே 31ஆம் தேதி விடியற்காலையில் தியாகராய நகர் உஸ்மான் ரோட்டின் சென்னை சில்க்ஸ் ஜவுளிக்கடையில் பிடித்த தீ, பகல் முழுவதும் அடங்காமல் எரிந்து, மறுநாள் விடிவதற்குள் ஏழு மாடிகளின் ஒரு பெரும்பகுதியைச் சரித்துவிட்டது. சுற்றிலும் நின்ற தீயணைப்பு வீரர்கள் அதற்கு முன்பே உள்ளே நுழைவதை நிறுத்திக்கொண்டு விலகி நின்றார்கள். ஆகவே அவ்விடிபாட்டில் எவரும் அகப்படவில்லை. எஞ்சி நின்ற பாகத்தை இயந்திரம் கொண்டு இடிக்கும் வேலையிலேதான் பின்னர் ஒரு தொழிலாளி உயிரிழக்க நேர்ந்தது. மூன்று நாள் எரிந்த சந்தை நிற்க, ஒரு நாள் எரிந்த ஜவுளிக்கடை சாய்வானேன்? இக்கேள்விக்கு அதிர்ஷ்டம் என்று பதில் சொல்லிவிடலாம். எனக்கு அது போதவில்லை.

முதலில் ஒரு தவறான கருத்தை விலக்கிவிடுவது நல்லது. நெருப்பில் எஃகு உருகிக் கட்டடம் விழுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். எஃகு உருகுவதற்கு ஏறத்தாழ 1,500 டிகிரி உஷ்ணம் வேண்டும். துணியும் மரமும் காகிதமும் பிளாஸ்டிக்கும் எரியும் ஓர் அறையின் தீ அவ்வளவு உயர்வதில்லை. சோதனைச்சாலைகளில் கட்டடப் பொருள்களைப் பரிசோதிப்பதற்காக உலகம் முழுவதும் ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கும் கணக்கின்படி, உலையின் உஷ்ணம் அரைமணி நேரத்தில் சுமார் 840 டிகிரியையும், ஒரு மணியில் 945ஐயும், மூன்று மணியில் 1,110ஐயும் எட்டுகிறது. உருகாவிட்டால் என்ன? உருகுவதற்கு வெகு முன்னரே எஃகு தளர்ந்துவிடுகிறது. 400 டிகிரி வரையில் பெரும்பாலும் தன் வலிமையைக் காத்துக்கொள்ளும் கட்டட எஃகு, 500இல் கால்பங்குக்குச் சற்றுக் குறைவாகவும், 600இல் பாதிக்கு மேலும், 700இல் முக்கால் பங்குக்கு மேலும் இழந்துவிடுகிறது. எந்தக் கட்டடமும் தன் அன்றாடப் பாரத்தைப் போல் சுமார் இரண்டு மடங்கு தாங்கும் வகையில் கட்டப்படுவதால், வலிமை பாதியாகும் அந்த 550, 600 டிகிரியே நமக்கு அபாய எல்லை. தீக்காப்புப் பூச்சு இல்லாத மெல்லிய எஃகுத் தூலம் கடுந்தீயில் அந்த எல்லையைத் தொடுவதற்கு அரைமணி நேரங்கூடத் தேவையில்லை.

இது புதிதாகக் கண்டறிந்த உண்மையும் அல்ல. லண்டன் தீயணைப்புப் படையின் தலைவராக இருந்த ஜேம்ஸ் பிரெய்ட்வுட் என்பவர், 1849ஆம் ஆண்டிலேயே அங்கிருந்த சிவில் எஞ்சினியர்களின் சங்கத்தில் தீப்பிடிக்காத கட்டடங்கள் என்று பெயர்பெற்ற கிடங்குகளைப் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். மரத்தைத் தவிர்த்து இரும்புத் தூணும் இரும்பு உத்திரமும் வைத்துக் கட்டிவிட்டால் தீயைப் பற்றிக் கவலையில்லை என்று வியாபாரிகள் நம்பிய காலம் அது. திறந்து கிடக்கும் இரும்பு சூட்டில் தளர்ந்தும், காய்ந்த நிலையில் தண்ணீர் பட்டால் வெடித்தும் போகும் என்றும், அத்தகைய கிடங்குக்குள் என் ஆட்களை அனுப்ப மாட்டேன் என்றும் அவர் வற்புறுத்தி வந்தார். 1861 ஜூன் 22ஆம் தேதி தேம்ஸ் நதிக்கரையில் டூலி தெருக் கிடங்குகள் எரிந்தன. சணலும் பருத்தியும் தேயிலையும் வாசனைப் பண்டங்களும் அங்கே மலைபோல் குவிந்திருந்தன. களைத்துப்போன தம் ஆட்களைக் கவனித்துக்கொண்டிருந்த பிரெய்ட்வுட்டின்மேல் கிடங்கின் சுவர் சரிந்து விழுந்தது. அந்தச் சணல் எந்த மண்ணிலிருந்து கப்பலேறியது என்பதை வங்காளத்தில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

தளர்ச்சியைக் காட்டிலும் சூழ்ச்சியான இன்னொரு சக்தி உண்டு, அது விரிவு. பத்து மீட்டர் நீளமுள்ள எஃகுத் தூலம் 500 டிகிரி சூடேறினால் ஆறேழு சென்டிமீட்டர் நீளுகிறது. நீளுவதற்கு இடமிருந்தால் குற்றமில்லை. இரு முனையும் தூண்களுக்கிடையே பொருத்தப்பட்டிருக்கும் தூலத்துக்கு இடம் ஏது? ஆகவே அது ஒன்று தான் வளையும், அல்லது தூணைத் தள்ளும், அல்லது தன்னைத் தாங்கியிருக்கும் மூட்டை அறுத்துக்கொண்டு நழுவும். நியூயார்க்கில் 2001 செப்டம்பர் 11ஆம் தேதி விமானங்கள் மோதி வீழ்ந்த இரு கோபுரங்களை உலகமே அறியும். அவற்றின் அருகே நின்ற 47 மாடிகள் கொண்ட ஏழாம் எண் கட்டடத்தை விமானம் எதுவும் தொடவில்லை. சிதறிவந்த இடிபாடுகளால் அதில் தீ மூண்டது. நகரத்தின் தண்ணீர்க் குழாய்கள் உடைந்துபோயிருந்தபடியால் அத்தீயை எவரும் அணைக்க முற்படவில்லை. சுமார் ஏழு மணி நேரம் தன் போக்கில் எரிந்தபின், மாலை 5 மணி 20 நிமிடத்துக்கு அக்கட்டடம் முழுவதும் அமிழ்ந்தது. அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனம் பல ஆண்டுகள் ஆராய்ந்து 2008 நவம்பரில் வெளியிட்ட முடிவு இது: தரையைத் தாங்கிய தூலங்கள் சூட்டால் நீண்டு, பதின்மூன்றாவது மாடியின் ஒரு முக்கியமான உத்திரத்தை அதன் இருக்கையை விட்டுத் தள்ளின, அந்தத் தளம் கீழ்த்தளத்தின்மேல் விழ, அது அதற்கடுத்ததன்மேல் விழ, பல மாடி உயரத்துக்குப் பக்கத் துணையின்றித் தனித்து நின்ற 79ஆம் எண் தூண் முறிந்தது, ஒரு தூண் முறிந்ததன் பாரம் அடுத்த தூண்களுக்குச் சென்று, கட்டடமே போயிற்று. எஃகு தன் வலிமையைப் பெரிதும் இழக்காத, 400 டிகிரிக்கும் குறைந்த சூட்டிலேயே இந்த நீட்சி தன் காரியத்தைத் தொடங்கிவிட்டது என்பதே அவ்வறிக்கையில் நாம் நின்று கவனிக்க வேண்டிய இடம். தூண் எவ்வளவு பருத்ததாயினும், அதனைப் பக்கங்களில் பிடித்து நிறுத்துபவை தளங்கள்தாம்; தளங்கள் போய்விட்டால் தூணின் பருமன் ஒன்றுக்கும் உதவாது.

எனினும் தளமே காப்பாற்றியதும் உண்டு. இங்கிலாந்தில் கார்டிங்டன் என்னும் ஊரில், முன்னாளில் ஆகாயக் கப்பல்களை நிறுத்தி வைத்த ஒரு பிரமாண்டமான கொட்டகைக்குள், எட்டு மாடி எஃகுக் கட்டடம் ஒன்றை எழுப்பி, 1995, 96ஆம் ஆண்டுகளில் அதற்கு வேண்டுமென்றே தீ வைத்துப் பார்த்தார்கள். பூச்சில்லாத தூலங்கள் 1,000 டிகிரியை நெருங்கித் தொய்ந்தபோதிலும் கட்டடம் விழவில்லை. தூலம் கைவிட்ட பாரத்தை அதன்மேல் கிடந்த கான்கிரீட்டுத் தளம், உள்ளே பின்னிய கம்பிகளின் இழுவிசையால், தொட்டில் துணிபோல் ஏந்திக்கொண்டது. ஆக, விழுவதும் விழாததும் ஒரு தூலத்தின் பலத்தினால் மட்டும் தீர்மானமாவதில்லை. ஓர் உறுப்பு தோற்றால் அதன் சுமையை வாங்கிக்கொள்ள வேறு உறுப்பு உண்டா என்பதனால் தீர்மானமாகிறது.

இனி, நம் தேசத்தில் பெருவழக்கான கான்கிரீட்டுக்கு வருவோம். கல்கத்தாவின் சந்தைகள் நின்றதன் இரகசியத்தில் பெரும்பங்கு இதிலேதான் இருக்கிறது. கான்கிரீட்டு சூட்டை மெல்லக் கடத்தும் பொருள். வெளிப்புறம் 900 டிகிரியில் வெந்துகொண்டிருக்கும்போது, ஐந்தாறு விரற்கடை உள்ளே உஷ்ணம் வெகு குறைவாகவே இருக்கும். கம்பிக்கும் நெருப்புக்கும் இடையே நிற்பது அந்த மேலோடுதான். கொத்தனார்கள் அதைக் கவர் என்பார்கள். கம்பி கட்டியதும் அடியில் சின்னஞ்சிறு கவர் பிளாக்குகளைச் செருகுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நம் இந்தியத் தரவிதியின்படி, தூணுக்கு 40 மில்லிமீட்டரும், இருபுறமும் சுவரில் சாதாரணமாகத் தாங்கிய தளம் இரண்டு மணி நேரம் தீயைத் தாங்க வேண்டுமாயின் 35 மில்லிமீட்டரும் கவர் இருத்தல் வேண்டும். அதில் 15 மில்லிமீட்டர் குறைந்தால் கம்பி மிச்சமாவதும் இல்லை, சிமெண்டு பெரிதாக மிச்சப்படுவதும் இல்லை. ஆனால் தீயில் கிடைக்கும் அவகாசம் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. கட்டட வேலையில் இவ்வளவு மலிவான பாதுகாப்பு வேறொன்றில்லை. இவ்வளவு அலட்சியம் செய்யப்படுவதும் வேறொன்றில்லை.

கான்கிரீட்டுக்கும் ஒரு பலவீனம் உண்டு. அதன் நுண்ணிய துவாரங்களில் எப்பொழுதும் ஈரம் தங்கியிருக்கிறது. கல்கத்தாவின் காற்றில் அது சற்று அதிகமாகவே இருக்கும். திடீரென்று சூடேறும்போது அந்த ஈரம் ஆவியாகி, வெளியேற வழி கிடைக்காமல், கான்கிரீட்டின் மேலோட்டைச் சில்லுச் சில்லாக வெடித்து எறிகிறது. எரியும் கட்டடத்துக்குள் பட்டாசு வெடிப்பது போல் கேட்கும் ஓசைகளில் இதுவும் ஒன்று. ஓடு போனபின் கம்பி நெருப்புக்கு நேராக நிற்கிறது. மணலிலுள்ள குவார்ட்ஸ் என்னும் பளிங்குக் கல் 573 டிகிரியில் திடீரென்று பருத்து, சுற்றிலுமுள்ள சிமெண்டைப் பிளக்கிறது. சிமெண்டோ அதற்கு முன்பே தன் ஜலத்தை இழந்து நொறுங்கத் தொடங்கியிருக்கும். கல்கத்தாவில் பெருவழக்காயுள்ள பாகூர்க் கருங்கல் ஜல்லி எரிமலைக் குழம்பில் பிறந்ததாகையால் அதில் அந்தக் குவார்ட்ஸ் மிகக் குறைவு. இந்நகரத்துக் கான்கிரீட்டுக்கு இது தற்செயலாகக் கிடைத்த ஒரு நன்மை என்றே நான் நினைக்கிறேன்.

இவ்வளவும் பொருள்களின் குணம். இனிச் சொல்லப்போவது மனிதர்களின் குணம். சந்தைகளின் விஷயத்தில் இதுவே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

கடை வைப்பதற்கென்று கட்டப்படும் தளம் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 400 கிலோ தாங்கும் வகையில் கணக்கிடப்படுகிறது; வீட்டுக்கு 200 போதும். கிடங்குக்கோ, சரக்கை அடுக்கும் உயரத்தில் ஒவ்வொரு மீட்டருக்கும் 240 கிலோ என்றும், எவ்வளவு குறைந்தாலும் 750 கிலோவுக்குக் கீழே போகலாகாது என்றும் தரவிதி கூறுகிறது. படா பஜாரில் கட்ரா என்னும் சந்தைக் கட்டடம் ஒன்றுக்குள் நுழைந்து பாருங்கள். கடை என்று பலகை தொங்கும் இடத்தில் துணிப் பேல்களும் தார்ப்பாலின் சுருள்களும் தரையிலிருந்து மோட்டுவரை அடுக்கியிருக்கும். மாடிப்படியின் ஒரு பாதியில் சரக்கு, மறு பாதியில் தலைச்சுமையோடு இறங்கும் கூலியாட்கள். தாழ்வாரத்து மின்கம்பிகள் கொடிக்கயிறு போல் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு கிடக்கும். கடைக்கென்று கட்டிய தளம் கிடங்காகி, அதன் நியாயமான பாரம் இரட்டித்துவிட்டது. அந்தப் பாரமே எரிபொருளும் ஆகிறது. ஒரு கிலோ விறகு தரும் உஷ்ணத்தைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் தரவல்லது ஒரு கிலோ பிளாஸ்டிக். அதன்மேல் தீயணைப்பாளர் தண்ணீரைப் பாய்ச்சுகிறார்கள். நிமிடத்துக்கு ஆயிரம் லிட்டர் பொழியும் ஒரு குழாய், தண்ணீர் வடிந்து ஓடவில்லையென்றால், நிமிடத்துக்கு ஒரு டன் பாரத்தைத் தளத்தின்மேல் ஏற்றுகிறது. உலோகச் சாமானின்மேல் விழுந்த நீர் ஓடிவிடும். துணிப் பேலும் சணல் பேலும் குடித்துக்கொண்டு, எடை கூடி, உப்பிச் சுவர்களையும் நெம்பும். இவ்விதமாக வலிமை நாழிகைக்கு நாழிகை தேய, சுமை நாழிகைக்கு நாழிகை வளர, இரண்டும் சந்திக்கும் நேரத்தில் தளம் விழுகிறது. கட்டடம் விழும் நேரத்தைக் குறித்துக் கொடுத்தவர்கள் தீ வைத்தவர்கள் அல்லர்; பல ஆண்டுகளுக்கு முன்பே அத்தளத்தைக் கிடங்காக்கியவர்களும், அனுமதிக்கு மேல் மாடி எழுப்பியவர்களும், தண்ணீர்த் தொட்டியை வறள விட்டவர்களுமே என்பது என் உறுதியான கருத்து.

படா பஜாரின் சாயல் அப்படியே வாய்த்த கட்டடம் ஒன்று டெஹ்ரான் நகரில் இருந்தது. பிளாஸ்கோ என்று பெயர், 1962இல் கட்டி முடிந்தபோது ஈரான் தேசத்திலேயே உயர்ந்த கட்டடமாக விளங்கியது, பதினேழு மாடி. காலக்கிரமத்தில் மேல்மாடிகளெல்லாம் ஆயத்த ஆடை தைக்கும் பட்டறைகளாகவும் துணிக் கிடங்குகளாகவும் மாறின. தளங்களைத் தாங்கியவை மெல்லிய எஃகு உறுப்புகளைப் பின்னி அமைத்த தூலங்கள். அவற்றுக்குத் தீக்காப்புப் பூச்சு இல்லை. அடியில் தொங்கிய பொய்க்கூரையின் இடைவெளி, நெருப்பு ஒரு கடையிலிருந்து மறு கடைக்கு ஓட இரகசிய வழியாயிற்று. அபாயம் உண்டு என்று நகர அதிகாரிகள் பலமுறை எச்சரித்திருந்தார்கள். 2017 ஜனவரி 19ஆம் தேதி காலை எட்டு மணி அளவில் பிடித்த தீ, மூன்றரை மணி நேரத்தில் அக்கட்டடத்தைத் தரைமட்டமாக்கியது. தீ அடங்கிவிட்டதாக எண்ணிய வியாபாரிகள், பணத்தையும் கணக்குப் புத்தகங்களையும் எடுத்துவர உள்ளே விடும்படி மன்றாடிக்கொண்டிருந்தார்கள். உள்ளே இருந்த தீயணைப்பு வீரர்களில் 16 பேர் திரும்பவில்லை. சென்னையில் தீயணைப்பாளர் விலகி நின்றதை அன்று சிலர் குறை கூறினார்கள். டெஹ்ரானை நினைக்கும்போது, விலகி நில்லுங்கள் என்று கட்டளையிட்ட அந்த அதிகாரிக்கு நாம் நன்றி செலுத்தக் கடமைப்பட்டிருக்கிறோம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

எஃகுக் கட்டடத்துக்குப் பூச்சு எவ்வளவு இன்றியமையாதது என்பதற்கு மாட்ரிட் நகரத்தின் விண்ட்சர் கோபுரத்தைப் போன்ற பிரத்தியட்சப் பிரமாணம் கிடைப்பது அரிது. 32 மாடி கொண்ட அக்கோபுரத்தின் ஓரத்து எஃகுத் தூண்களுக்குத் தீக்காப்புப் பூசும் வேலை கீழிருந்து மேலாக நடந்துகொண்டிருந்தது. பதினேழாவது மாடி அளவுக்குப் பெரும்பாலும் முடிந்திருந்த சமயத்தில், 2005 பிப்ரவரி 12ஆம் தேதி இரவு இருபத்தோராவது மாடியில் தீப்பிடித்து, மேலும் கீழும் பரவியது. பூச்சு ஏறாத மேற்பகுதியின் ஓரத் தூண்களும் தளங்களும் அடுக்கடுக்காகச் சரிந்தன. பதினேழாவது மாடி மட்டத்தில் இயந்திரங்களுக்காகக் கட்டியிருந்த கனத்த கான்கிரீட்டுத் தளம் அந்த இடிபாட்டை ஏந்தி நிறுத்தியது. நடுவிலிருந்த கான்கிரீட்டுச் சுவர்களும் நின்றன. பூசிய பாதி நிற்க, பூசாத பாதி விழுந்தது. வேலை சில மாதம் முந்தித் தொடங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

தண்ணீர்த் தெளிப்பானைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. ஓர் உதாரணம் போதும். பிலடெல்பியாவில் 1991 பிப்ரவரி 23ஆம் தேதி 38 மாடி மெரிடியன் பிளாசாவில், இருபத்திரண்டாவது மாடியில் மூண்ட தீ பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் மாடி மாடியாக ஏறிற்று. மூன்று தீயணைப்பு வீரர்கள் மாண்டார்கள். கட்டடம் விழும் என்று அஞ்சி மற்றவர்களை வெளியே அழைத்துக்கொண்டார்கள். முப்பதாவது மாடியை எட்டியபோது, அம்மாடியில் குடியிருந்த நிறுவனம் தன் செலவில் பொருத்தியிருந்த தெளிப்பான்களில் பத்துத் தெளிப்பான்கள் திறந்து, ஊரே அணைக்க முடியாத அத்தீயை நிறுத்திவிட்டன. சௌரங்கியில் இன்று 260 மீட்டர் உயரம் எழும்பியிருக்கும் மாளிகையைப் பார்த்து, இது பற்றினால் என்ன கதி என்று அஞ்சுவோர் உண்டு. எனக்கு அத்தகைய கோபுரங்களைப் பற்றி அவ்வளவு கவலையில்லை; அவற்றைக் கட்டும்போதே தெளிப்பானும் தொட்டியும் தீக்கதவும் விதிக்கப்படுகின்றன. தூணில் கவர் உதிர்ந்து, கம்பி துருப்பிடித்து வெளியே பல்லைக் காட்ட, ஆறிலிருந்து பதின்மூன்று மாடி வரையில் சரக்கைத் திணித்துக்கொண்டு நிற்கும் பழைய சந்தைகளைப் பற்றியே கவலை. ஒரு முறை எரிந்தும் நின்றவை இவற்றுள் சில. அவை அடுத்த முறையும் நிற்கும் என்பதற்கு அந்த முதல் முறை சாட்சியாகாது.

ஏனென்றால், தீ அடங்கியதோடு கட்டடத்தின் துன்பம் தீர்ந்துவிடுவதில்லை. சூட்டில் நீண்டு, இடமின்றிக் குறுகி அழுந்திய தூலம், ஆறும்போது சுருங்கி, இருபுறமும் மூட்டுகளை இழுக்கிறது. எரியும்போது அறாத மூட்டு ஆறும்போது அறுவதுண்டு. குளிர்ந்த எஃகு தன் பலத்தைப் பெரும்பாலும் மீட்டுக்கொள்ளும். வெந்த கான்கிரீட்டு மீட்டுக்கொள்வதில்லை, ஆறியபின் சில காலத்துக்கு இன்னும் நலிகிறது. ஆகவேதான் அனுபவமுள்ள எஞ்சினியர், எரிந்த தூணின் கரியைச் சுரண்டிவிட்டு, நிறத்தைப் பார்க்கிறார்: பல வகை ஜல்லிகளில் 300 டிகிரியைத் தாண்டிய கான்கிரீட்டு இளஞ்சிவப்பாக மாறியிருக்கும், அச்சிவப்பு எத்தனை விரற்கடை ஆழம் போயிருக்கிறதோ அத்தனை ஆழம் பலம் போயிற்று என்று கொள்ளலாம். பாகூர்க் கல்லில் அந்தச் சிவப்பு தெளிவாகத் தோன்றாமற் போகலாம். ஆதலால் சுத்தியலால் தட்டி ஓசை கேட்டும், உருளை உருளையாகத் துளைத்தெடுத்து நசுக்கிப் பார்த்தும், கம்பியின் ஒரு துண்டை வெட்டி இழுத்துச் சோதித்தும் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. விழாமல் நின்ற மெரிடியன் பிளாசாவை இவ்விதம் பரிசோதித்து, வழக்காடி, யோசித்து, எட்டு ஆண்டுகள் ஆளின்றிப் பூட்டி வைத்திருந்து, கடைசியில் 1999இல் மாடி மாடியாகப் பிரித்தெடுத்தார்கள்.

கல்கத்தாவில் எரிந்த சந்தைகளில் வியாபாரம் மீண்டும் நடக்கிறது. நடக்க வேண்டியதுதான், அதை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் ஆயிரக்கணக்கானவை, மாதக்கணக்கில் கடையைப் பூட்டி வைக்கும் சக்தி ஒரு சில்லறை வியாபாரிக்கு ஏது? நான் கேட்பது ஒன்றே. துளைத்தெடுத்த அந்த உருளைகள் எத்தனை பாரத்தில் நசுங்கின, எந்தெந்தத் தூணுக்கு உறை போட்டுப் பலப்படுத்தினார்கள், ஒவ்வொரு தளத்திலும் இனிச் சதுர மீட்டருக்கு எத்தனை கிலோ சரக்கு வைக்கலாம் என்ற விவரங்களை, வங்காளியிலும் ஹிந்தியிலும், பேல் சுமக்கும் கூலியாளும் படிக்கத்தக்க பெரிய எழுத்தில் எழுதி, அச்சந்தையின் வாயிலிலே மாட்டி வைக்கும்படி நகராண்மையினரை நாம் வற்புறுத்த வேண்டும். இந்தச் சபையில் அவ்விதமான விண்ணப்பம் ஒன்றைத் தயாரிப்பதற்கு விருப்பமுள்ளவர்கள், கூட்டம் கலைந்தபின் சற்று நேரம் இங்கேயே தங்கியிருக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.